நடை திரும்புமா? முதியோர் நடமாட்டமும் இன, சாதி வேறுபாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று முதியவர்களுக்குப் பிசியோதெரபி செய்து வருகிறேன். 16 ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் தன் தாயைப் பற்றிப் பேசினார். "நடக்க முடியாமல் போன முதியவர்களில் யார் மீண்டு எழுகிறார்கள் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது என்று இங்கே படித்தேனுங்க. அப்படியானால் எங்கள் அம்மாவுக்கு எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பல நாள் மனத்தை விட்டுப் போகவில்லை. அதற்கும், வீடுகளில் என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் மற்றவற்றுக்கும் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

நடமாட்டச் சிரமம் என்றால் எது? முட்டி வலித்தாலே அதுதானா?

வலி வேறு, நடமாட்டம் வேறு. வலியோடு வாரச் சந்தைக்குப் போய் வருபவர்கள் உண்டு. வலியே இல்லாமல் வாசற்படி இறங்க முடியாதவர்களும் உண்டு. அமெரிக்க ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: கால் மைல், அதாவது ஏறக்குறைய 400 மீட்டர் நடக்க முடிகிறதா? 10 படி ஏற முடிகிறதா? இவற்றில் ஒன்று முடியாமல் போனாலே நடமாட்டம் குறைந்துவிட்டது என்று கணக்கில் வைப்பார்கள்.

நம் ஊருக்கு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: கயிற்றுக் கட்டிலில் இருந்து தானாக எழ முடிகிறதா? தொய்ந்த கயிற்றுக் கட்டில் நடுவில் பள்ளமாக இருக்கும். இடுப்பு முட்டியை விடத் தாழ்ந்துவிடும். அதிலிருந்து எழுவதற்குத் தொடையில் நல்ல வலு வேண்டும். யாராவது கை கொடுத்தால்தான் எழுகிறார் என்றால், 400 மீட்டர் கணக்கு வரைக்கும் போக வேண்டியதில்லை.

அமெரிக்க ஆய்வுகள் இன வேறுபாடு பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன?

அங்கே பல ஆண்டுகளாகப் பெரிய குழுக்களைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். 1997–98இல் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் ஆகிய இரண்டு நகரப் பகுதிகளில் 70 முதல் 79 வயது வரையிலான 3,075 கறுப்பின, வெள்ளையின முதியவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. சேரும்போது அனைவரும் கால் மைல் நடக்கவும் 10 படி ஏறவும் சிரமமில்லாதவர்கள். அதற்கு முன்பே, 1993–94இல், தென்மேற்கு மாநிலங்கள் ஐந்தில் 65 வயதைக் கடந்த 3,050 மெக்சிகோ வம்சாவளியினரைச் சேர்த்து இன்னொன்று தொடங்கியிருந்தது.

இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று உண்டு. நடமாட்டம் குறையத் தொடங்குவது கறுப்பின முதியவர்களுக்குச் சராசரியாக முன்கூட்டியே வருகிறது, கூடுதலான பேருக்கும் வருகிறது. வருமானம், படிப்பு, ஏற்கெனவே உள்ள நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது.

மீள்வதில் கதை அவ்வளவு நேராக இல்லை. சில ஆய்வுகளில் வெள்ளையரே கூடுதலாக மீள்கிறார்கள். சிலவற்றில் வேறுபாடு மங்கலாகத்தான் தெரிகிறது. ஆகவே, "இந்த இனத்தவர் மீள மாட்டார்கள்" என்று எவராவது ஒரே வரியில் சொன்னால் நம்ப வேண்டாம். வேறுபாடு மிகத் தெளிவாக இருப்பது விழுவதற்கு முந்தைய வாழ்க்கையிலும், விழுந்தபின் கிடைக்கும் கவனிப்பிலும். முட்டி மாற்று அறுவை சிகிச்சை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே நடக்கிறது என்பது அங்கே நெடுநாளாகப் பதிவாகியுள்ள செய்தி.

ரத்தத்திலேயே இருக்கும் வேறுபாடு என்று சொல்ல முடியாதா?

இந்தக் கேள்விக்கு எலும்பே பதில் சொல்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் எலும்பு அடர்த்தி சராசரியாக வெள்ளையரைவிடக் கூடுதல். இடுப்பு எலும்பு முறிவும் அவர்களுக்குக் குறைவாகவே நேர்கிறது. ஆனால் முறிந்தபின் நிலைமை மாறிவிடுகிறது. முறிவுக்குப் பின் இறப்பவர்களும், பழைய நடை திரும்பாதவர்களும் அவர்களிடையே கூடுதல். உறுதியான எலும்பைக் கொடுத்த அதே உடல், மீளும் வலுவை மட்டும் கொடுக்கத் தவறியதா? இல்லை. அறுவை அரங்குக்குப் போகத் தாமதம் ஆனது. அதன்பின் பயிற்சி மையத்துக்கு அனுப்பாமல் நேரே வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்களிடையே கூடுதல்.

பால்டிமோர் நகரின் தென்மேற்கில் ஒரு பகுதி உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருக்களில், ஏறக்குறைய ஒரே அளவு வறுமையில் வாழ்கிறார்கள். அங்கே இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, நாடு முழுக்கத் தெரிந்த சர்க்கரை நோய் வேறுபாடு காணாமல் போயிருந்தது. ஒரே கடை, ஒரே கிளினிக், ஒரே நடைபாதை என்றால் நோயும் ஒன்றுபோல வருகிறது. இதை முதலில் படித்தபோது எங்கள் பக்கத்து ஊர்களின் இரண்டு முனைகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

65 வயதானால் அங்கே எல்லோருக்கும் அரசுக் காப்பீடு உண்டே? பிறகு ஏன் வேறுபாடு?

மெடிகேர் காப்பீடு 1965இல் சட்டமானது. அது செய்த நன்மை பெரிது. அதுவரை தென்மாநில மருத்துவமனைகள் பலவற்றில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு இருந்தது, அல்லது அனுமதியே இல்லை. இனப் பாகுபாடு பார்க்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் கிடையாது என்றதும், 1966இல் சில மாதங்களுக்குள் அந்தக் கதவுகள் திறந்தன.

ஆனால் 65ஆம் பிறந்தநாளில் கிடைக்கும் அட்டை, அதற்கு முந்தைய 50 ஆண்டு உழைப்பின் தேய்மானத்தைத் திருப்பிக் கொடுக்காது. இந்தத் தேய்மானம் என்ற கருத்தை 1992இல் ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்தார். இடைவிடாத நெருக்கடியிலும் பாகுபாட்டிலும் வாழும் உடல், வயதுக்கு முன்பே மூப்படைகிறது என்பது அவர் வாதம். குனிந்தே களை எடுத்த முதுகையும், 12 மணி நேர ஷிப்டில் விசைத்தறிக்கு நடுவே நின்று பருத்துப்போன கணுக்காலையும் தினமும் தொட்டுப் பார்ப்பவள் நான். எனக்கு அந்த வாதத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்கிறார்களே?

ஆம். வறுமை கூடுதலாக இருந்தும், கொரோனாவுக்கு முந்தைய கணக்குகளில் அவர்கள் வெள்ளையரைவிடச் சராசரியாக நீண்ட நாள் வாழ்ந்தார்கள். ஆனால் அந்தக் கூடுதல் ஆண்டுகளில் கணிசமானவை நடமாட்டக் குறைவோடு கழிகின்றன. ஆயுளும் நடையும் ஒன்றல்ல.

ஒருமுறை நடை நின்றுவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை, இல்லை, இல்லை. இந்த எண்ணம்தான் எங்கள் பக்கத்தில் அதிகப் பேரைக் கட்டிலில் போடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 70 வயதைக் கடந்த 754 பேரை 1998 முதல் ஆண்டுக்கணக்கில், மாதம் தவறாமல் தொலைபேசியில் கேட்டார்கள்: குளிக்க, உடுத்த, அறைக்குள் நடக்க, நாற்காலியிலிருந்து எழ இன்னொருவர் உதவி வேண்டியிருக்கிறதா? உதவி தேவைப்படும் நிலைக்குப் புதிதாகப் போனவர்களில் ஏறக்குறைய 81 விழுக்காட்டினர் 12 மாதங்களுக்குள் மீண்டும் தாமாகவே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தார்கள். ஐந்தில் நான்கு பேர்! ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கேட்டிருந்தால் இந்த விழுதலும் எழுதலும் கண்ணிலேயே பட்டிருக்காது.

கூடவே இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். மீண்டவர்களில் பலர் மறுபடியும் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனார்கள். மீள்வது ஒன்று, மீண்டதைக் காப்பாற்றுவது இன்னொன்று. அடுத்து, அந்த 754 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர். முதியவர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று உலகம் மிக நுணுக்கமாகக் கற்றுக்கொண்ட பாடம், பெரும்பாலும் ஓர் இனத்தின் வீடுகளில் கற்றது.

ஆய்வு எண்களை வாசிக்கும்போது எதில் ஏமாறக் கூடாது?

எண்ணப்படாதவர்களில். ஒரு குழுவில் நலிந்தவர்கள் முன்பே இறந்துவிட்டால், 75 வயதில் கணக்கெடுக்கும்போது எஞ்சியிருப்பவர்கள் அந்தக் குழுவிலேயே வலுவானவர்கள். அவர்கள் நன்றாக மீள்வதைப் பார்த்து "வேறுபாடு இல்லை" என்று முடிவு கட்டிவிடலாம். சுடுகாட்டில் இருப்பவர்களிடம் யாரும் கேள்வித்தாள் நீட்டுவதில்லை.

இன்னொன்று, "சிரமமா?" என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை செய்த பாட்டியிடம் கேட்டால், "சிரமம் என்ன அம்மணி, மெதுவாகப் போகிறேன்" என்பார். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் வாயால் கேட்பதோடு நிற்காமல், 4 மீட்டர் நடக்கவும் நாற்காலியிலிருந்து 5 முறை எழவும் சொல்லி நேரம் குறிக்கிறார்கள்.

நம் ஊரில் கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவே இல்லையே? இதெல்லாம் நமக்கு எதற்கு?

கொங்கு நாட்டில் ஓர் ஊரின் எந்த முனையில் பிறந்தோம் என்பது, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், கழிவறை வீட்டுக்குள்ளா வெளியிலா, 60 வயதுக்குமேல் ஓய்வா கூலியா என்பதையெல்லாம் இன்றும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சாதி ஓர் இனம் அன்று. ஆனால் உடலின் மேல் அது செய்யும் வேலை ஒத்திருக்கிறது. "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல முடிவு. அந்தத் தெருவுக்கு வாக்கர் உருளுகிற மாதிரி ஒரு பாதையும் வந்தால் இன்னும் நல்லது.

இந்தியாவிலும் 2017–18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் தேசிய முதியோர் ஆய்வின் முதல் சுற்று நடந்தது. அதில் சாதிப் பிரிவும் கேட்டார்கள், நடை, படி ஏறுதல், எழுதல் பற்றியும் கேட்டார்கள். ஆகவே நம் கேள்வியை நம் தரவிலேயே கேட்க முடியும்.

நான் பார்த்த இருவரைச் சொல்கிறேன். இருவருக்கும் ஒரே மழைக்காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தது. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒருவர் தென்னந்தோப்பு நடுவே பெரிய தோட்டத்து வீட்டு ஆத்தா. விழுந்த மறுநாளே கோயம்புத்தூரில் அறுவை முடிந்தது. மற்றவர் அருந்ததியர் தெருவில் தொகுப்பு வீட்டில் இருந்தவர், மஞ்சள் காட்டுக் கூலி. எண்ணெய்க் கட்டு, கடன் தேடுதல், காப்பீட்டு அட்டையில் பெயர் தவறு என்று அலைந்து, அறுவை நடந்தது ஒன்பதாம் நாள். அவர் வீட்டு வாசற்படி என் முட்டி உயரம். கழிவறை வீட்டுக்குப் பின்னால், கற்களைத் தாண்டி. மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கு பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்டால் இரவுதான் திரும்புவார்கள். தண்ணீர்ச் சொம்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அவரோ கழிவறைக்குப் போக வேண்டி வருமே என்று அந்தத் தண்ணீரைக் குடிக்காமலே கிடப்பார்.

கொத்தனார் வேலை தெரிந்த அவர் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியை உடைத்து மூன்று சிறு படிகளாகக் கட்டினார், பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயும் ஊன்றினார். அவ்வளவுதான் செலவு. எதிர்வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்து நின்றார்கள். மூன்றாம் மாதம் அவர் தெருக் குழாய் வரை நடந்து போய் நின்றார். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஐந்தாம் மாதம் அவர் மறுபடியும் களை எடுக்கப் போய்விட்டார். வீட்டில் கடன் இருந்தது. ஆறாம் மாதம் வரப்பில் வழுக்கி விழுந்தார். இம்முறை மணிக்கட்டு. அதன்பின் பழைய துணிவு திரும்பவில்லை. மீண்டவர்தான், ஆனால் மீண்டதைக் காப்பாற்ற அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. நான் செய்யக்கூடிய எந்தப் பயிற்சியும் அந்தக் கடனுக்கு மருந்தில்லை.

தோட்டத்து வீட்டு ஆத்தா என்ன ஆனார்?

மூன்றாம் மாதத்தில் அவர் கட்டிலில்தான் இருந்தார். குறை வசதியில் இல்லை. "நீங்கள் அசையாதீர்கள் ஆத்தா" என்ற அன்பில் இருந்தது. தண்ணீர் கேட்டால் தண்ணீர், எழ நினைத்தால் இரண்டு கை. வீட்டு வேலைக்கு வைத்த பெண், ஆத்தா கால் ஊன்றினால் தன்னைத் திட்டுவார்களோ என்று பயந்தார். நான் மகளைத் தனியாக அழைத்து, "தினம் இருபது முறை அவராக எழ வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், தூக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டரை மாதம் ஆனது. இப்போது மாட்டுத் தொழுவம் வரை போய்க் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. பணம் மீளும் வாய்ப்பைத் தருகிறது. மீள்வதை அந்தக் கால்கள்தான் செய்தாக வேண்டும்.

விழுந்த பிறகு எத்தனை நாள் படுக்கை ஓய்வு வேண்டும்?

மருத்துவர் குறிப்பாகச் சொல்லாதவரை, மிகக் குறைந்த நாள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத ஒரு டஜன் முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துவிட்டது. நோயில்லாதவர்களுக்கே இப்படி. காய்ச்சலுக்காக மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்துவிட்டு வரும் பாட்டி நடக்க முடியாமல் திரும்புவது இதனால்தான். காய்ச்சல் காலைப் பிடிப்பதில்லை, கட்டில்தான் பிடிக்கிறது.

இடுப்பு எலும்பு முறிந்தால் கட்டு போட்டால் போதாதா?

கை விரல், மணிக்கட்டு என்றால் கட்டுப் போட்டாலே சேரக்கூடிய முறிவுகள் உண்டு. முதியவரின் இடுப்பு எலும்பு அப்படிப்பட்டதன்று. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் வாரக்கணக்கில் அசைவின்றிக் கிடக்க வேண்டும். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, காலில் ரத்தக் கட்டு எல்லாம் அந்த வாரங்களில்தான் வருகின்றன. இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. "வயதாகிவிட்டது, அறுவை தாங்குவாரா?" என்று தயங்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது இதுதான்: படுக்கையைத்தான் அவர் தாங்க மாட்டார்.

விழுந்தபின் ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் தெரிந்தால், எழுப்பி நடக்க வைத்துப் பார்க்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

எந்தப் பயிற்சி உண்மையிலேயே பயன் தரும்?

நடை, தொடை வலு, நிலைதடுமாறாமல் நிற்கும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரிய சோதனையின் முடிவு 2014இல் வந்தது. ஒரு பாதியினர் ஒழுங்காக நடைப்பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்தார்கள், மறுபாதியினர் உடல்நல வகுப்புகளுக்கு மட்டும் போனார்கள். சராசரியாக இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் பார்த்ததில், 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் வாய்ப்பு பயிற்சி செய்தவர்களுக்கு 18 விழுக்காடு குறைந்திருந்தது.

என் வீட்டுப் பாடம் எளிது. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நடுக்கூடத்தில் போட்டால் வழுக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் கைப்பிடியை ஊன்றலாம், நாளடைவில் விட்டுவிடலாம். முதல் வாரம் ஐந்து முறை, காலையும் மாலையும். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. பிறகு வாசலில் நடை. வாரத்தில் 150 நிமிடம் நடையும், மூன்று நாளாவது நிலைத்து நிற்கும் பயிற்சியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அவ்வளவு முடியாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கட்டும்.

ஒரு குறி வைத்துக்கொள்வது நல்லது. சென்னிமலை முருகனுக்கு 1,320 படி. ஒரு தாத்தா, பக்கவாதத்துக்குப் பின் அந்தப் படிகளை மனத்தில் வைத்துக்கொண்டு தன் வீட்டு மூன்று படியைத் தினம் ஏறி இறங்கினார். மலையில் அவர் ஏறியது முதல் மண்டபம் வரைதான். அங்கே உட்கார்ந்து தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்றே, அவசரம் கூடுதல். முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கிறது. அந்த நாட்களை எண்ணெய் தேய்ப்பதில் மட்டும் கழித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கூடுதல். கட்டுப்படுத்தப்படாத ரத்த அழுத்தம் அதில் பெரிய காரணம். இங்கும் கை கால் விழுந்தபின்தான் "பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் பலர்.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

தசை கட்டப் புரதம் வேண்டும். முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான். எல்லோரும் உண்டபின் மோர்ச் சோற்றோடு முடித்துக்கொள்ளும் பெண்களுக்கு, அதிலும் கணவரை இழந்தவர்களுக்கு, இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. நம் கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு, கடலைக்காய் எல்லாம் நல்ல புரதம். அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பின் அளவைக் கூட்டினாலே போதும், தனியாகப் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

அரசு வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்குமா?

கிடைக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள், திரும்பக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முதியவரின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுந்தபின் பார்த்தால் அந்த ஒன்பது நாள் கதைதான். முதியோருக்கான உதவி எண் 14567.

வீட்டில் பேசும் மொழி வேறாக இருந்தால் மீட்சியைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். நெசவு ஊர்களில் கன்னடம் பேசும் தேவாங்கர் வீடுகள் உண்டு, தெலுங்கு பேசும் வீடுகள் பல. நல்ல நாளில் எல்லோரும் தமிழில் சரளமாகப் பேசுவார்கள். பக்கவாதத்துக்குப் பின்னோ, நினைவு தப்பும்போதோ தாய்மொழிதான் காதில் ஏறுகிறது. ஒரு நெசவுக்காரப் பாட்டியிடம் "எழுந்திருங்கள்" என்று பத்து முறை சொல்லியும் பயனில்லை. பேத்தி கன்னடத்தில் "ஏளவ்வா" என்றதும் காலை எடுத்துக் கீழே வைத்தார்.

அம்மா ஊரில், நான் வெளிநாட்டில். தொலைவிலிருந்து நான் என்ன செய்ய முடியும்?

அந்த அமெரிக்க மகனுக்கு நான் சொன்னதையே எழுதுகிறேன். "நல்லா இருக்கீங்களா அம்மா" என்று கேட்டால் "நல்லா இருக்கிறேன் கண்ணு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் போனைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், நீங்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாசலிலிருந்து கிணற்றடி வரை நடக்கட்டும். போன வாரத்தைவிட நேரம் கூடிக்கொண்டே போனால் என்னைப் போன்ற ஒருவரை உடனே வீட்டுக்கு அழையுங்கள். குளியலறையில் இரண்டு கைப்பிடிகள், கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, தேய்ந்த செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள புதுச் செருப்பு, கயிற்றுக் கட்டிலுக்குப் பதில் முட்டி உயரக் கட்டில். நீங்கள் அனுப்பும் பணத்தில் முதலில் இவற்றை வாங்குங்கள்.

அவர் இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்து வைக்கிறார். முதல் வாரம் ஐந்து முறை எழ அம்மாவுக்கு 24 விநாடி ஆனது. சென்ற வாரம் 17.